வெளி உபயோகத்துக்கு மட்டும்

போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கால் மணி நேர வேலைதான். காலையில் போனவன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்தப் பதிவுகளைப் படிக்கும் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்தவர்கள்தான். நான் எழுத வந்தது, கத்தி வருவதற்கு முன்னால் கண்ணில் விட்ட ஒரு சொட்டைப் பற்றி.

மரத்துப்போவதற்கான மருந்தை விட்டு மேசையில் படுக்கவைத்தார்கள். நெற்றியிலிருந்து கன்னம் வரை ஈரப் பஞ்சால் துடைத்தார்கள். பிறகு அந்த நர்ஸ் பெண், "ஐயா, இப்ப ஒரு சொட்டு விடுவேன். கொஞ்சம் எரியும். மூணு நிமிஷம் அப்படியே இருங்க" என்றாள். சொட்டு விழுந்தது. பார்வை முழுக்கப் பழுப்பாகியது. கூடவே ஒரு வாசனை மூக்கில் ஏறியது. எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த வாசனை. என் கை தானாகக் கண்ணை நோக்கி எழும்பிவிட்டது. பக்கத்தில் நின்றவர் பிடித்து அமுக்கினார்.

"இது அயோடினா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க ஐயா. எல்லாருக்கும் விடுறதுதான்."

எல்லாருக்கும் விடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒருத்திக்கு விட்டதைத்தான் நான் இத்தனை காலமாக மறக்க முடியாமல் இருக்கிறேன்.

1958ஆம் வருடம். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. பாகூர் பக்கம் தாத்தாவின் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற அக்காவின் இடது கண்ணில் சுணை விழுந்தது. அன்று சாயங்காலமே புதுச்சேரி திரும்பிவிட்டோம். அப்பா வேலை விஷயமாகக் காரைக்கால் போயிருந்தார். வர ஒரு வாரம் ஆகும். அம்மா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டுக் கண்ணில் ஒற்றினாள். எதிர்வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் தாய்ப்பால் வாங்கி விட்டாள். மூன்றாம் நாள் அக்காவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மா விரலால் இமையைப் பிரித்துப் பார்த்தபோது, கருவிழியில் ரவை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நானும் பார்த்தேன்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சின்னப் பழுப்புக் குப்பி இருந்தது. தேந்த்யூர் தியோத். அதாவது அயோடின் டிங்சர். பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருடம் ஆகியும் எங்கள் தெருவில் அதற்கு அந்தப் பெயர்தான். முட்டி சிராய்த்தாலும் காலில் முள் குத்தினாலும் அதைத்தான் தடவுவார்கள். எரியும், கத்துவோம், இரண்டு நாளில் ஆறிவிடும். அம்மா அந்தக் குப்பியை எடுத்துவந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். குப்பியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்தது பிரெஞ்சு. வீட்டில் அப்போது பிரெஞ்சு படிப்பவன் நான் ஒருவன்தான்.

"தம்பி, இதுல என்னடா எழுதியிருக்கு, படி."

நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன் நின்று படிப்பதைப் போலக் கைகட்டிக்கொண்டு படித்தேன். "யூசாழ் எக்ஸ்தேர்ன்."

"அப்படின்னா?"

"வெளி உபயோகத்துக்குன்னு அர்த்தம். வெளியில போடுற மருந்தும்மா. குடிக்கத்தான் கூடாது."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "கண்ணு வெளியிலதானே இருக்கு" என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பஞ்சைத் திரியாகத் திரித்து, அதில் நனைத்து, ஒரு சொட்டுதான் பிழிந்தாள். அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. யாரோ ஒரு பாட்டி குடத்துத் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு மாதத்தில் புண் ஆறியது. பூ விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், கை அசைந்தால் நிழல் தெரியும், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தபோதெல்லாம் அம்மா அவளைச் சன்னல் இடது பக்கம் வருகிறமாதிரி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி உட்காரவைப்பாள். அப்பா அந்தச் சொட்டுக்காக அம்மாவைக் கடைசிவரை குத்திக்காட்டினார். "படிச்சிச் சொன்னது தம்பிதான்" என்று அம்மா ஒரு நாளும் சொல்லவில்லை.

பின்னால் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தபோது, விதியைப் போல, சில வருடம் மருந்து இருப்புக் கணக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. டிங்சர், மெர்க்குரோகுரோம், போரிக் பவுடர், வெள்ளி நைட்ரேட் என்று பதிவேட்டில் வரிசையாக எழுதுவேன். பெயருக்குப் பக்கத்தில் சதவீதம். அந்தச் சதவீதங்கள் எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை; வந்தது, போனது, மீதி சரியாக இருந்தால் போதும். ஓய்வுபெற்ற பிறகுதான் தேடித்தேடிப் படித்தேன். படித்ததைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்கிறேன்.

அயோடின் பிரான்சில் பிறந்த சரக்கு. 1811இல் பெர்னார் கூர்த்துவா என்பவர் நெப்போலியனின் போர்களுக்கு வெடியுப்புத் தயாரித்துக்கொண்டிருந்தார். கடற்பாசிச் சாம்பலிலிருந்து உப்பு எடுப்பார். ஒரு நாள் கந்தக அமிலம் கொஞ்சம் கூடிப்போக, ஊதா நிறப் புகை கிளம்பிப் பக்கத்தில் குளிர்ந்த இடங்களில் கரும் படிகமாகப் படிந்தது. கே-லுசாக் என்ற பெரிய வேதியியல் அறிஞர், ஊதா என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'இயோத்' என்று பெயர் வைத்தார். கண்டுபிடித்த கூர்த்துவா 1838இல் வறுமையில் இறந்தார். அயோடின் தண்ணீரில் எளிதில் கரையாது, சாராயத்தில் கரையும். சாராயத்தில் கரைத்ததுதான் டிங்சர். 1908இல் அந்தோனியோ கிரோசிச் என்ற அறுவை மருத்துவர், அறுப்பதற்கு முன் தோலில் டிங்சரைத் தடவும் முறையைப் பரப்பினார். அது வீட்டு அலமாரி வரைக்கும் வந்து சேர்ந்தது.

கிருமி என்ற எண்ணம் இதற்கு நடுவில் வந்தது. லூயி பஸ்தேர் எழுதியதைப் படித்த ஆங்கிலேய மருத்துவர் ஜோசப் லிஸ்டர், 1867இல் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் கழுவி, சீழ் வைக்காமல் ஆற்றிக்காட்டினார். அறுவை அறையில் காற்றிலும் அதைத் தெளித்தார். கையின் தோலே வெந்துபோகும் சரக்கு அது. 1890இல் லிஸ்டரே அந்தத் தெளிப்பை விட்டுவிட்டதாகச் சொன்னார். தோலுக்கே இந்தக் கதி என்றால் கண்ணுக்கு என்ன ஆகும் என்பதுதான் கண் மருத்துவர்களின் சங்கடம். ழாக் தாவியேல் என்ற பிரெஞ்சுக்காரர் கருவிழியைத் திறந்து புரையை வெளியே எடுக்கும் முறையை 1752இல் அறிக்கையாக எழுதி நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அறுத்த கண்ணில் சீழ் பிடித்தால் கண் போய்விடும். சீழ் பிடிக்காமல் இருக்க ஊற்றும் மருந்தே கண்ணைக் கெடுத்தாலும் போய்விடும்.

கண்ணின் மேற்பரப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இந்தச் சங்கடம் புரியும். கருவிழி முழுவதும் சேர்ந்தே அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதன் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஐந்து முதல் ஏழு அடுக்கு செல்கள். நம் கைத்தோலுக்கு மேலே செத்துக் காய்ந்த செல்கள் ஓடு மாதிரி மூடியிருக்கின்றன. மருந்து பட்டால் முதலில் அந்த ஓட்டில்தான் படும். கண்ணுக்கு அந்த ஓடு இல்லை. வெளியே தெரிகிற செல்கூட உயிருள்ள செல். அதற்கு மேலே இருப்பது கண்ணீர்ப் படலம் மட்டும். எண்ணெய், நீர், சளி மூன்றும் கலந்த மெல்லிய போர்வை அது. உடம்பிலேயே நரம்பு நெருக்கமாக ஓடும் இடங்களில் கருவிழி முதன்மையானது. அதனால்தான் ஒரு தூசி விழுந்தால் ஆளே சுருண்டுவிடுகிறான்.

கிருமிநாசினிக்குக் கண் கிடையாது. அயோடின் கிருமியின் புரதத்தை எப்படிச் சிதைக்கிறதோ அப்படியே நம் செல்லின் புரதத்தையும் சிதைக்கும். வெள்ளி உப்பு புரதத்தை உறையவைக்கும். சாராயம் கொழுப்பைக் கரைத்துச் செல்லைக் கொல்லும். கண்ணாடி போடாமல் இருக்க லேசர் செய்துகொள்கிறார்களே, அதில் ஒரு முறையில், 20 சதவீதச் சாராயத்தைக் கருவிழிமேல் இருபது, முப்பது விநாடி நிறுத்திவைத்தால் மேல்தோல் கழன்று வந்துவிடும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் லேசர் பாய்ச்சுகிறார்கள். அளந்து, வேண்டுமென்றே செய்கிறார்கள். டிங்சரில் இருந்த சாராயம் அதைவிடப் பல மடங்கு. அம்மா விட்ட சொட்டில் அயோடின் ஒரு குற்றவாளி என்றால் சாராயம் இன்னொரு குற்றவாளி.

ஆனால் அந்த மேல்தோலுக்கு ஒரு வரம் உண்டு. வாரம் பத்து நாளில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் இருக்கும் தாய்ச்செல்கள் இந்த வேலையைச் செய்கின்றன. மேல்தோல் மட்டும் சிராய்ந்தால் ஒன்றிரண்டு நாளில் தழும்பில்லாமல் மூடிவிடும். காயம் அதற்குக் கீழே இறங்கினால்தான் வெள்ளைத் தழும்பு. நாம் பூ என்று சொல்வது அதைத்தான்.

கிருமிநாசினியைத் துணிந்து கண்ணில் விட்டு, கணக்கும் வைத்தவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பிரசவ மருத்துவமனைத் தலைவர் கார்ல் கிரெடே. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணில் சீழ் வைத்துப் பார்வை போவது சாதாரணம். தாயிடம் இருக்கும் வெட்டை நோய் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கிருமியை 1879இல் நைசர் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே கிரெடே, பிறந்த குழந்தையின் கண்ணைத் துடைத்து, கண்ணாடிக் குச்சியால் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் ஒரே ஒரு துளி விடத் தொடங்கினார். அதற்கு முன் அவர் மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தை அளவில் இருந்த அந்த நோய், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. 1881இல் அதை எழுதி வெளியிட்டார். பல நாடுகள் இதைச் சட்டமாகவே ஆக்கின. எத்தனை பிள்ளைகள் பார்வையற்றோர் பள்ளிக்குப் போகாமல் தப்பினார்கள் என்பதற்கு யாராலும் கணக்கு எழுத முடியாது.

வெள்ளி நைட்ரேட்டுக்குப் பிரெஞ்சில் பழைய பெயர் ஒன்று உண்டு: 'பியேர் அன்ஃபெர்னால்', அதாவது நரகக் கல். மரு, சதை வளர்ச்சியைச் சுட்டுக் கருக்க அந்தக் கல்லைத்தான் வைப்பார்கள். அந்த நரகக் கல்லின் கரைசலைப் பிறந்து சில நிமிடமான குழந்தையின் கண்ணில் விடுவதென்றால், சதவீதம்தான் எல்லாம். சொட்டு விட்ட குழந்தைகளில் பலருக்குக் கண் சிவந்து வீங்கி, இரண்டு மூன்று நாளில் தணியும். மருந்து செய்யும் காயம் அது. அதனால் பின்னால் 2 சதவீதத்தை 1 ஆக்கினார்கள். இன்னொரு வில்லங்கமும் இருந்தது. குப்பியைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீர் ஆவியாகி, ஒரு சதவீதம் என்று எழுதிய குப்பியில் அதைவிடக் காரமான சரக்கு மிஞ்சும். அதனால் ஒரு தடவைக்கு மட்டும் என்று சின்ன மெழுகுக் கூடுகளில் அடைத்துக் கொடுத்தார்கள். பதிவேட்டில் 'வெள்ளி நைட்ரேட் 1%' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அந்த ஒன்றுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் இன்னும் அழுத்தி எழுதியிருப்பேன்.

எரிச்சல் இல்லாத வெள்ளி மருந்து வேண்டும் என்று 1902இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆல்பர்ட் பார்ன்ஸ், ஹெர்மன் ஹில்லே என்ற இருவர், வெள்ளியைப் புரதத்தோடு சேர்த்து 'ஆர்ஜிரால்' என்ற பழுப்பு மருந்தைக் கொண்டுவந்தார்கள். அது உலகமெங்கும் ஓடியது. பார்ன்ஸ் அந்தப் பணத்தில் பிரெஞ்சு ஓவியங்களாக வாங்கிக் குவித்தார். இன்றைக்கும் அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையில் ரெனுவார் ஓவியம் 181, செசான் ஓவியம் 69 இருக்கின்றன. எரிச்சல் குறைந்தது உண்மை. ஆனால் காரம் குறைந்ததோடு கிருமியைக் கொல்லும் வேகமும் குறைந்திருந்தது. வருடக்கணக்கில் விட்டுக்கொண்டவர்களுக்கு வெள்ளைவிழியில் வெள்ளி படிந்து சாம்பல் நிறமாகி, அப்படியே நின்றும்விட்டது.

அயோடின் கண்ணுக்குத் திரும்பி வந்த கதை 1955இல் தொடங்குகிறது. அதுவும் பிலடெல்பியாதான். ஷெலான்ஸ்கி என்ற ஆய்வாளர் குடும்பம், போவிடோன் என்ற நீரில் கரையும் பொருளோடு அயோடினைப் பிணைத்தது. சாராயம் வேண்டாம். போவிடோன் அயோடினைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். நாம் புண்ணுக்குத் தடவும் பழுப்பு மருந்து, களிம்பு எல்லாம் இந்த வகைதான். இதில் கணக்குப்பிள்ளைக்குப் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. பத்து சதவீதக் கரைசலில் இருப்பதைவிட, அதைத் தண்ணீர் ஊற்றி நன்றாக நீர்க்க வைத்ததில் பிணைப்பிலிருந்து விடுபட்ட அயோடின் கூடுதலாக இருக்கிறது. கிருமியைக் கொல்வது அந்த விடுபட்ட அயோடின்தான். தண்ணீர் ஊற்றினால் வேகம் கூடுகிறது! எந்தப் பதிவேட்டிலும் இப்படி ஒரு வரவு செலவை நான் பார்த்ததில்லை. ஆனால் நீர்த்த கரைசலில் கையிருப்பு குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டையும் பார்த்துத்தான் கண்ணுக்கு 5 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள்.

1991இல் நியூயார்க்கின் ஒரு பழைய கண் மருத்துவமனை ஆய்வு வெளியானது. ஒரு பகுதி அறுவை அறைகளில் அறுப்பதற்கு முன் போவிடோன் அயோடின். மற்ற அறைகளில் பழைய வெள்ளிப் புரத மருந்து. கண்ணுக்கு உள்ளே சீழ் பிடித்தது, வெள்ளி விட்டவர்களில் பத்தாயிரத்துக்கு 24 பேருக்கு. அயோடின் விட்டவர்களில் பத்தாயிரத்துக்கு 6 பேருக்கு. அதன் பிறகுதான் இது எல்லா இடத்துக்கும் பரவியது. 1995இல் ஐசன்பர்க், ஆப்ட் என்ற மருத்துவர்கள் கென்யாவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிறந்த குழந்தைகளிடம் சோதித்து, 2.5 சதவீதப் போவிடோன் அயோடின், கிரெடேயின் வெள்ளியைவிட நன்றாக வேலை செய்கிறது, கண்ணையும் அதைவிடக் குறைவாகவே வருத்துகிறது என்று காட்டினார்கள். விலையும் மலிவு.

இதனால் அயோடின் கண்ணுக்குச் சாது என்று எண்ணிவிடக் கூடாது. மரப்பு மருந்து தெளிந்த பிறகு எனக்கு அன்று சாயங்காலம் மணல் விழுந்தாற்போல் உறுத்தியது. அந்த மூன்று நிமிடத்தில் மேல்தோலில் அங்கங்கே செல்கள் உதிர்ந்திருக்கும். அதற்காகத்தான் வேலை முடிந்த கையோடு உப்புநீரால் கழுவிவிடுகிறார்கள். சோப்பு சேர்ந்த போவிடோன் ஒன்று கை கழுவ இருக்கிறது; அது கண்ணில் பட்டால் பெரும் கேடு. குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினியின் கதையும் இதுதான். முகத்தில் அறுவை செய்யும்போது தோலைத் துடைத்த சோப்பு கலந்த 4 சதவீத மருந்து கண்ணுக்குள் வழிந்து, கருவிழி வெளுத்து, மாற்றுக் கருவிழி வைக்கவேண்டி வந்ததை 1988இல் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். அதே குளோர்ஹெக்சிடினை 0.02 சதவீதமாக்கி, அமீபா பிடித்த கண்ணுக்கு மருந்தாகவும் விடுகிறார்கள். அதே பொருள்தான். இருநூறு மடங்கு வித்தியாசம்.

கொரோனா நாளில் கடைவாசலில் எல்லாம் சானிடைசர் கம்பம் நட்டுவைத்தார்களே, ஞாபகம் இருக்கும். காலால் மிதித்தால் பீய்ச்சும். பெரியவர்களுக்கு இடுப்பு உயரம். சின்னப் பிள்ளைகளுக்குச் சரியாகக் கண் உயரம். பிரான்சின் நஞ்சுத் தகவல் மையங்களுக்கு வந்த கணக்கில், பிள்ளைகளின் கண்ணில் இரசாயனம் பட்ட சம்பவங்களில் சானிடைசரின் பங்கு 2019இல் 1.3 சதவீதம், 2020இல் 9.9 சதவீதம். பாரிஸில் ஒரே கண் மருத்துவமனையில் முந்தின வருடம் ஒரு பிள்ளை. அந்த வருடம் 16 பிள்ளைகள். இரண்டு பேருக்குக் கருவிழிமேல் சவ்வு ஒட்டவேண்டி வந்தது. சானிடைசரில் பெரும்பங்கு சாராயம். அந்தச் செய்தியைப் பிரெஞ்சில் படித்த அன்று நான் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

அதனால் நண்பர்களே, வீட்டில் யார் கண்ணில் எந்த மருந்து, எந்தத் திரவம் தெறித்தாலும் முதல் வேலை தண்ணீர். இமையைப் பிரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரோ குடத்துத் தண்ணீரோ சுத்தமானதைக் கால் மணி நேரமாவது ஊற்றிக்கொண்டே இருங்கள். சுண்ணாம்பு, பிளீச்சிங் போன்ற காரச் சரக்கு என்றால் இன்னும் அதிக நேரம். அவை உள்ளே இறங்கிக்கொண்டே போகும். ஒன்றை முறிக்க இன்னொன்று என்று எதையும் விடாதீர்கள். கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். புண்ணுக்குத் தடவும் பழுப்பு மருந்தை, ஆஸ்பத்திரியில் கண்ணில் விட்டார்களே என்று வீட்டில் விடவேண்டாம்; நிறம்தான் ஒன்று. நெல், வைக்கோல், இலை பட்டுக் கண் சிவந்தால் அன்றைக்கே போங்கள். தாய்ப்பாலும் பூவும் வேண்டாம்.

அறுவை முடிந்த மறுநாள் கண்ணைப் பரிசோதித்த மருத்துவர் என் பேத்தி வயதுப் பெண். கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க ஐயா. வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள். அறுபது வருடத்துக்கு மேல் யாரிடமும் கேட்காததை அவளிடம் கேட்டேன். நெல் சுணையிலிருந்து லேபிள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த வெள்ளைப் புள்ளி, டிங்சர் விடறதுக்கு முன்னாடி பாத்தீங்களா, பின்னாடி பாத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முன்னாடி. அதைப் பாத்துத்தான் அம்மா குப்பியையே எடுத்தாங்க."

"அப்ப புண்ணு ஏற்கெனவே கருவிழிக்குள்ள இறங்கிடுச்சு ஐயா. நெல்லு பட்ட கண்ணுல காளான் கிருமி போயிடும். அந்தக் காலத்துல அதுக்குச் சரியான சொட்டு மருந்தே கிடையாது. டிங்சர் நல்லது பண்ணியிருக்காது; வலி ரொம்ப இருந்திருக்கும். ஆனா பூ விழுந்தது அதனாலதான்னு நான் சொல்லமாட்டேன். அது இல்லேன்னாலும் அந்த இடத்துல தழும்பு வந்திருக்கும். அந்தக் காலத்து டாக்டருங்களே சில கண் புண்ணுக்கு அயோடினைத் தொட்டு வெச்சிருக்காங்க. அவங்க புண்ணுல மட்டும் தொட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். எண்பதைத் தொட்டுவிட்டாள். ஒற்றைக் கண்ணோடுதான் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள், இன்றைக்கும் ஊசியில் நூல் கோப்பாள். மருத்துவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு, "அன்னைக்கு லேபிளைப் படிச்சிச் சொன்னது நான்தான் அக்கா" என்றேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"தெரியுமே" என்றாள். "கண்ணுதான் மூடியிருந்துச்சு, காது கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு. நீ படிச்சது சரிதானேடா. அதுல அப்படித்தானே எழுதியிருந்துச்சு." கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விட்டுக்கோ. நீயா விட்டுக்காத, மருமகளை விடச்சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் சொல்ல வழியில்லை. அவள் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது.